காற்று மழையும் கேமராவும்: சேலம், நாமக்கல் வட்டாரத்தில் படம் எடுப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சேலம், நாமக்கல் சமவெளியில் மழை பெரும்பாலும் சாயங்கால விருந்தாளி. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் பகலெல்லாம் வெயில் தரையைச் சுடும். மூன்று மணிக்கு மேல் சேர்வராயன் மலைப் பக்கமோ கொல்லிமலைப் பக்கமோ மேகம் திரளும். முதலில் புழுதிக்காற்று, அடுத்து இடி, கடைசியில்தான் கொட்டும் மழை. ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், ஆனால் இரவு முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கும். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் இதே முறைதான். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இது அடிக்கடி நடக்கும்.

நம் ஊர் போட்டோகிராபர்களுக்கு வேலை மிகுந்த நாட்களும் இவைதான். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் வண்டி வேடிக்கை, காவிரிக் கரையில் பதினெட்டாம் பெருக்கு, கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. ஆவணியில் முகூர்த்தங்கள். ஐப்பசியில் மறுபடியும் முகூர்த்தங்கள், அப்போது வடகிழக்குப் பருவமழை. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரிநீர் திறக்கும் நாளும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வரும். 2024-இல் ஜூலை 30 அன்று அணை நிரம்பியது. அப்படிப்பட்ட நாளில் பத்திரிகை போட்டோகிராபர் வானத்தைப் பார்த்து வீட்டில் உட்கார முடியாது.

மழையிலிருந்து கேமராவைப் பாதுகாப்பது என்றதும் எல்லோரும் கொட்டும் மழையை மட்டும் நினைக்கிறார்கள். மழை பெய்யும்போது யாரும் ஏமாறுவதில்லை, ஓடிப்போய் ஒதுங்கிவிடுகிறார்கள். மழைக்கு முந்தைய பத்து நிமிடப் புழுதியும், மழை நின்ற பிறகு பையில் மூடிவைத்த ஈரமும்தான் நம் வட்டாரத்தில் கேமராவைத் தின்கின்றன. அதனால் இந்தப் பட்டியலில் முன்னுக்கும் பின்னுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

செய்யுங்கள்: உங்கள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஈரத் தடுப்பு இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றி அதன் பின்புறம், கேமராவில் பொருந்தும் உலோக வளையத்தின் ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று சுற்றி ஓடினால் அந்த இணைப்பில் தண்ணீர் புகாமல் இருக்க நிறுவனம் ஏதோ செய்திருக்கிறது என்று பொருள். கேனன் 50 மி.மீ. 1.8 எஸ்.டி.எம். லென்ஸில் அந்த வளையம் கிடையாது. ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்கும் கேனன் 1500டி, 200டி, யூடியூப் எடுப்பவர்கள் விரும்பி வாங்கும் சோனி இசட்.வி-இ10 ஆகியவற்றின் உடலிலும் ஈரத் தடுப்பு இல்லை. இவற்றை வைத்திருப்பவர்கள் தூறலைக்கூட மழையாகவே கருத வேண்டும்.

செய்யாதீர்கள்: ‘வெதர் சீல்டு’ என்று கடைக்காரர் சொன்னதை வைத்துக் கேமராவை மழையில் காட்டாதீர்கள். செல்போன்களுக்கு ஐ.பி.67, ஐ.பி.68 என்று சோதித்துத் தரும் எண் இருக்கிறது. முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. பெரும்பாலான கேமராக்களுக்கு அப்படி எண்ணே கிடையாது. தூசும் ஈரமும் புகாத வகையில் வடிவமைத்திருக்கிறோம் என்று ஒரு வரி, முழு உத்தரவாதம் இல்லை என்று அடுத்த வரி, அவ்வளவுதான். எண் போட்டுத் தரும் சிலவற்றில் ஓ.எம். சிஸ்டம் பிராண்டின் ஓ.எம்.-1 ஒன்று. அதற்கும் ஐ.பி.53தான். அதாவது தெளிக்கும் நீரைத் தாங்கும், அதுவும் ஏற்ற லென்ஸ் மாட்டியிருந்தால் மட்டும். தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி பொதுவாகச் செல்லாது. மழைக்காலத்துக்கு முன் காப்பீடு எடுப்பவர்கள், தண்ணீரால் வரும் சேதம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செய்யுங்கள்: கேனனின் எல் வரிசை லென்ஸ்கள் சிலவற்றில் முன்பக்கம் ஃபில்டர் மாட்டினால்தான் ஈரத் தடுப்பு முழுமையாகும். லென்ஸோடு வந்த கையேட்டில் இது இருக்கும், ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த லென்ஸானாலும் மழை நாளில் ஒரு யு.வி. ஃபில்டரும் ஹூடும் மாட்டியே இருக்கட்டும். திரும்பத் திரும்பத் துடைப்பதில் விழும் கீறல் ஃபில்டரோடு போகும்.

செய்யுங்கள்: ரெயின் கவர் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். இதை எல்லோருக்கும் வலியுறுத்திச் சொல்வேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் இருப்பதால் தார்ப்பாய் தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. தார்ப்பாய்த் துணி கேமராவுக்குக் கனம், குடைத் துணி போதும். உட்புறம் பூச்சுள்ள நைலானாகப் பார்த்து எடுங்கள். 70-200 லென்ஸ் வைத்திருப்பவருக்கு இரண்டு அடி நீளத்தில் ஒரு குழாய் மாதிரி தைக்க வேண்டும். முன்வாயில் எலாஸ்டிக் வைத்து ஹூடின் மேல் இறுக்கிப் பிடிக்கட்டும். பின்வாய் இரண்டு கைகளும் நுழையும் அளவுக்கு அகலமாக, கீழே திறந்தபடி இருக்கட்டும். வியூஃபைண்டர் வரும் இடத்தில் ஒரு சிறு ஓட்டை போட்டு, கண் ரப்பரைக் கழற்றி, துணியை நடுவில் வைத்து மறுபடி மாட்டுங்கள். தையல்காரரிடம் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். தையல் வரிசை மேல்பக்கம் வரக்கூடாது, கீழ்ப்பக்கம் வர வேண்டும். ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீர் இறங்கும் வழி. மேலே தையல் வந்தே தீரும் என்றால் உட்புறம் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

செய்யாதீர்கள்: மெல்லிய கேரி பேக்கை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் அது காற்றில் படபடத்து லென்ஸ் முன்னால் வந்து விழும், சூறைக்காற்றில் கிழியும். அவசரத்துக்கு ஹோட்டல் அறையில் கிடைக்கும் ஷவர் கேப் எவ்வளவோ மேல். அதன் எலாஸ்டிக் கேமரா உடலைக் கவ்விப் பிடிக்கும், மடித்தால் சட்டைப் பையில் அடங்கும்.

பையில் இருக்க வேண்டிய மற்றவை: இரண்டு பருத்தித் துண்டுகள், கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி மூன்று நான்கு (தனித்தனி ஜிப் கவரில்), காற்றூதும் ரப்பர் பல்பு, கேமரா முழுதாக உள்ளே போகும் பெரிய ஜிப் கவர் ஒன்று, சிலிக்கா ஜெல். கேமரா உடலைத் துடைக்கும் துணியும் கண்ணாடியைத் துடைக்கும் துணியும் ஒருபோதும் ஒன்றாக இருக்கக்கூடாது.

மேகம் கட்டியதும்

கோடை மழைக்கு முன்வரும் காற்று பரமத்தி வேலூர் பக்கம் குலை தள்ளிய வாழையைச் சாய்த்துவிடும். அந்தக் காற்று தூக்கி வருவது உழுத காட்டின் செம்மண். சேகோ ஆலைக் களம் பக்கத்தில் இருந்தால் கிழங்கு மாவும் சேரும். இந்தத் தூசு லென்ஸ் வளையத்திலும் பட்டன் இடுக்கிலும் போய் உட்காரும். பத்து நிமிடம் கழித்து அதன்மேல் மழை விழுந்தால் சேறு. பிறகு ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் நறநறவென்று உள்ளே அரைபடும்.

செய்யுங்கள்: மேகம் கறுக்கத் தொடங்கியதும் எந்த லென்ஸோடு மழையைச் சந்திப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். திருவிழாவானால் 24-105 அல்லது 24-70, தூரத்து மதகானால் 70-200. புது பேட்டரி போடுங்கள். பெரிய கார்டாகப் பார்த்துச் செருகுங்கள். பேட்டரி மூடி, கார்டு மூடி, பக்கவாட்டு ரப்பர் மூடிகள் எல்லாம் அழுந்தி உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். மைக் ஒயர் வெளியே வரும் ரப்பர் மூடி பாதி திறந்தே கிடக்கும். வீடியோ எடுப்பவர்கள் அந்த இடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

செய்யாதீர்கள்: புழுதிக்காற்று தொடங்கிய பிறகு லென்ஸ் மாற்றாதீர்கள். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே மாற்றலாம், மண்டபத்துக்குள் போய் மாற்றலாம். திறந்தவெளியில் சென்சார் அந்தக் காற்றைப் பார்க்கக்கூடாது.

செய்யாதீர்கள்: ட்ரைபாடில் மாட்டிய கேமராவை விட்டுவிட்டுக் குடை எடுக்க ஓடாதீர்கள். ரெயின் கவர் போட்ட கேமரா காற்றைப் பாய்மரம் போலப் பிடிக்கும். பூலாம்பட்டிப் படித்துறையில் நெரிஞ்சிப்பேட்டை போகும் விசைப்படகைப் பார்த்து ட்ரைபாட் வைத்துக் காத்திருக்கும் தம்பிகள் இதை மனதில் வைக்க வேண்டும். அங்கே சாய்ந்தால் விழுவது காவிரியில். நடுக் கம்பியை இறக்கி, பையை அதன் கொக்கியில் மாட்டி, ஒரு கை ட்ரைபாட் மேலேயே இருக்கட்டும்.

மழையில் எடுக்கும்போது

மழையில் கேமராவைக் கையாளும் விதத்தைக் குகை வண்டி வேடிக்கையில் நேரில் பார்க்கலாம். சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டியில் நின்றபடி வருகிறார்கள், இரண்டு பக்கமும் சனம், மேலே தூறல். அனுபவப்பட்ட ஒரு போட்டோகிராபர் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கேமராவை மார்போடு தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். அடுத்த வண்டி நெருங்கியதும் தூக்கி, எடுத்து, மறுபடி கவிழ்ப்பார். பக்கத்தில் உதவிக்கு வந்த பையன், “அண்ணா, மழை வலுக்குதுங்க, உள்ள வெச்சுருலாமுங்களா?” என்று கேட்பான். “அந்த அம்மன் வண்டி வரட்டும் சாமி, குடையை மட்டும் காத்துப் பக்கமாச் சாச்சுப் புடி” என்று பதில் வரும். அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பாடம் இருக்கிறது.

செய்யுங்கள்: படம் எடுக்காத ஒவ்வொரு நொடியும் லென்ஸ் கீழே பார்க்கட்டும். முன்கண்ணாடியில் துளி விழுவது குறையும், வியூஃபைண்டரிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்திலும் தண்ணீர் தேங்காது. அந்த ஹாட் ஷூ வெறுமையாக இருந்தால் அதற்கான பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவையுங்கள்.

செய்யுங்கள்: குடை பிடிக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சினிமாக் குழுக்களில் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் கேமராவுக்குத் தனிக் குடை, அதைப் பிடிக்கத் தனி ஆள் என்பது பழைய வழக்கம். சினிமா சேலத்துக்குப் புதிதல்ல. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இருந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. கல்யாணத்துக்கு மூன்று பேர் கொண்ட குழு போகிறதென்றால் நான்காவதாக ஒரு பையனைக் குடைக்காகவே கூட்டிப் போவது வீண்செலவு இல்லை. அவனுக்குச் சம்பளம் கொடுங்கள், ரெயின்கோட்டும் கொடுங்கள்.

செய்யுங்கள்: ஃபில்டரில் துளி விழுந்தால் முதலில் பல்பால் ஊதித் தள்ளுங்கள். மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் எண்ணெய்ப் பசை பரவிப் படம் முழுக்க மங்கும்.

செய்யாதீர்கள்: மழையில் ஜூமை அடிக்கடி முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். குழாய் வெளியே நீளும் வகை லென்ஸ், சுருங்கும்போது தன்மேல் ஒட்டிய துளிகளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், நீளும்போது ஈரக்காற்றை உறிஞ்சும். ஒரு நீளத்தில் நிறுத்திவிட்டுக் காலால் நகருங்கள். நீட்டியே ஆக வேண்டுமென்றால், சுருக்குவதற்கு முன் குழாயைத் துடைத்துவிட்டுச் சுருக்குங்கள்.

செய்யாதீர்கள்: கார்டு நிறைந்துவிட்டது, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மழையில் நின்றபடியே மூடியைத் திறக்காதீர்கள். குடைக்கு உள்ளேயும் வேண்டாம், குடைக் கம்பியிலிருந்து சொட்டும் ஒரு துளி போதும். கூரைக்குள் போய், கையைத் துடைத்து, கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு திறங்கள்.

செய்யுங்கள்: டச் ஸ்கிரீனை அணைத்துவையுங்கள். திரையில் ஓடும் தண்ணீரை விரல் என்று கேமரா நினைத்துக்கொண்டு ஃபோகஸ் புள்ளியை மூலைக்குக் கொண்டுபோய்விடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெண்ணின் முகம் தெளிவில்லாமல் பின்னால் நிற்கும் வாழைமரம் தெளிவாக இருக்கும்.

மழை வலுத்துவிட்டால் செல்போனுக்கு மாறுவதில் தப்பில்லை. ஐ.பி.68 போன் சில நிமிடக் கொட்டு மழையைத் தாங்கும், பழைய போனில் அந்தத் தடுப்பு தளர்ந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கோப்ரோ கேமராக்களில் ஹீரோ5 முதல் வந்தவற்றில் பெரும்பாலானவை தனிக் கூடு இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. கொல்லிமலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி ஆகாய கங்கைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல துணை. அருவிச் சாரல் மழையைவிட மோசம். மேலிருந்து விழாமல் எதிரிலிருந்து அடிப்பதால் ஹூடும் குடையும் அங்கே உதவாது. தள்ளி நின்று நீள லென்ஸில் எடுப்பதுதான் ஒரே வழி.

ட்ரோனை மழையில் ஏற்றாதீர்கள். பெரும்பாலான சிறிய ட்ரோன்களுக்கு ஈரத் தடுப்பு கிடையாது. மேகம் கட்டியிருக்கும்போது தரையில் இருக்கும் காற்று வேறு, நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று வேறு.

இடியும் மின்சாரமும்

இங்கே பேச்சு கேமராவைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது.

செய்யாதீர்கள்: இடி கேட்கத் தொடங்கிய பிறகு நாமக்கல் கோட்டைப் பாறை மேலோ, சங்ககிரி மலைக் கோட்டையிலோ, பரந்த ஏரிக்கரையிலோ ட்ரைபாட் வைத்து மின்னலைப் படம் பிடிக்க நிற்காதீர்கள். மொட்டைப் பாறையில் உயர்ந்து நிற்பது நீங்கள்தான். தனிமரத்தடியும் ஆகாது. மின்னல் தெரிந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், இல்லையென்றால் கூரை போட்ட காருக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வரக்கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி உங்களைச் சுற்றி எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். மழைக்காலத்தில் போனில் இருக்கட்டும்.

செய்யாதீர்கள்: நனைந்த ஃபிளாஷைத் தொடாதீர்கள், திறக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் ஃபிளாஷுக்குள்ளும் உள்ள மின்தேக்கி முந்நூறு வோல்ட் அளவில் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அணைத்த பிறகும் சிறிது நேரம் அது தங்கும். மழை வந்ததும் ஃபிளாஷைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். மழை நேரத்தில் அது கேமராவுக்கு அருகே விழும் துளிகளை எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக்கிப் படத்தையும் கெடுக்கும்.

செய்யாதீர்கள்: பந்தலில் ஜெனரேட்டர் லைன் எடுத்து ஃபோகஸ் லைட் போட்டிருக்கும்போது ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கக்கூடாது. மழை ஒழுகினால் லைட்டை நகர்த்துவதற்கு முன் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்துவார்கள். “இரண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க, கரண்ட்டை நிறுத்திட்டு மாத்திர்றோம்” என்று பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள்.

ஏ.சி. மண்டபம், மலை மூடுபனி

மழையே இல்லாமல் கேமரா நனையும் இடங்கள் இவை. குளிர்ந்த கண்ணாடியும் உலோகமும் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் வந்தால் அவற்றின் மேல் நீர் படியும். ஏ.சி. மண்டபத்திலிருந்து மழை நின்ற வாசலுக்கு மணமக்களை அழைத்து வந்து நிறுத்தியதும் லென்ஸ் வெள்ளையாகிவிடுவது இதனால்தான். முன்கண்ணாடியைத் துடைத்தால் மறுபடி மூடும். உட்புறக் கண்ணாடிகளிலும் சென்சார் மேலும் படிந்தால் துடைக்கவே வழியில்லை.

ஏற்காட்டில் இது வேறு விதமாக நடக்கும். மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மேலே மூடுபனியில் அரைநாள் இருந்த கேமரா நன்றாகக் குளிர்ந்திருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும், மழை பெய்து புழுங்கும் காற்றில், டீக்கடையில் நின்றபடி எடுத்த படங்களைப் பார்க்கலாம் என்று பையைத் திறந்தால் கேமரா முழுக்க வேர்க்கும். கொல்லிமலையில் எழுபது வளைவு இறங்கிக் காரவள்ளி வருகிறவர்களுக்கும் இதேதான்.

செய்யுங்கள்: குளிர்ந்த இடத்திலேயே கேமராவைப் பெரிய ஜிப் கவருக்குள் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை முடிந்தவரை வெளியேற்றி மூடிவிடுங்கள். வெளியே வந்தபின் நீர் கவரின் மேல் படியும், கேமராமேல் படியாது. அரைமணி நேரம் கழித்துத் திறக்கலாம். காரில் போகும்போது இறங்குவதற்குக் கால்மணி முன்பே ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மண்டபத்தில் வெளிப்புறப் படத்துக்கென்று ஒரு கேமராவை ஏ.சி. இல்லாத பக்கத்திலேயே நம்பகமான ஆளிடம் வைத்திருப்பது இன்னும் நல்லது.

செய்யாதீர்கள்: வேர்த்த கேமராவில் லென்ஸைக் கழற்றாதீர்கள். அந்த ஈரக்காற்று நேராகச் சென்சாருக்குப் போகும்.

மழை நின்ற அன்று இரவு

களைத்துப் போய் வீட்டுக்கு வந்து, கேமராப் பையை மூலையில் வைத்துவிட்டுப் படுப்பதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. பையின் ஸ்பாஞ்சு தண்ணீரை உறிஞ்சி இரவு முழுக்கக் கேமராவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். பைக்கு ரெயின் கவர் போட்டிருந்தாலும் முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கிறது. பைக்கில் வருகிறவர்கள் பையை ரெயின்கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

செய்யுங்கள்: பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பருத்தித் துண்டால் கேமராவை ஒற்றித் துடைத்து, பட்டன் இடுக்குகளில் தங்கிய தண்ணீரைப் பல்பால் ஊதி வெளியேற்றுங்கள். வெளிப்புறம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேட்டரி, கார்டு, லென்ஸ். அதுவும் லென்ஸைக் கழற்றும்போது கேமராவின் வாய் கீழே பார்த்திருக்கட்டும். கழற்றியதும் இணைப்பு வளையத்தில் துளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பையின் தடுப்புகளைப் பிரித்து மறுநாள் வெயிலில் போடுங்கள். கேமராவின் கழுத்துப் பட்டையும் தண்ணீர் குடித்திருக்கும், அதையும் கழற்றிக் காயப்போடுங்கள்.

செய்யாதீர்கள்: உள்ளே தண்ணீர் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், வேலை செய்கிறதா என்று பார்க்க ஆன் செய்யாதீர்கள். அந்த ஆசையை அடக்குவது கடினம்தான். ஈரமான சர்க்யூட்டில் மின்சாரம் பாய்ந்தால் செம்புத் தடங்கள் மிக வேகமாக அரித்துப்போகும், ஷார்ட் ஆகும். மின்சாரம் இல்லாமல் நனைந்து காய்ந்த போர்டு பல நேரம் பிழைத்துக்கொள்ளும். அதனால் முழுக்க நனைந்துவிட்ட கேமராவுக்கு மட்டும் மேலே சொன்ன வரிசை மாறும். அணைத்து, வெளிப்புறத்தை ஒரே துடைப்பாகத் துடைத்து, உடனே பேட்டரியை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் காயவிட்டு, நேராகச் சர்வீசுக்குக் கொண்டுபோய், எந்தத் தண்ணீரில் நனைந்தது, எவ்வளவு நேரம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மழைத் தண்ணீர், அருவித் தண்ணீர், ஹோலிச் சாயம், இளநீர் எல்லாவற்றுக்கும் அவர்கள் செய்யும் சுத்தம் வேறு வேறு.

செய்யாதீர்கள்: ஹேர் டிரையர் வேண்டாம். சூடு லென்ஸின் உள் எண்ணெயை இளக்கும், காற்றின் வேகம் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டையில் புதைப்பதும் வேண்டாம். அரிசி ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும், அதன் தவிடும் மாவும் கேமராவுக்குள் குடியேறும். மொட்டை மாடி வெயிலில் நேராகக் காயவைப்பதும் கூடாது. லென்ஸ் சூரியனைப் பார்த்திருந்தால் உள்ளே பொசுங்கிவிடும்.

சிலிக்கா ஜெல் பற்றி ஒன்று. ஷூ டப்பாவில் வந்த சிறு பொட்டலம் உங்கள் கைக்கு வரும் முன்பே ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் வகையைப் பெரிய அளவில் வாங்குங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானாலோ, நீலம் இளஞ்சிவப்பானாலோ அது தீர்ந்தது என்று பொருள். ஏறக்குறைய 120 டிகிரி சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும், மறுபடி பயன்படும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக்கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் ஆரஞ்சு வகையே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை: பூஞ்சைக் காலம்

வெயில் முகம் காட்டாத அந்த வாரங்களில் அலமாரியில் தூங்கும் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் படரும், விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

செய்யுங்கள்: நாற்பதிலிருந்து ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். டிரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் ரப்பர் ஓரம் வைத்த காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானி ஆகிய மூன்றையும் வைத்துச் சமாளிக்கலாம். அளவு முப்பதுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிகவும் உலர்ந்தால் ரப்பரும் எண்ணெயும் கெடும். வாரம் ஒருமுறை எடுத்து, ஜூமையும் ஃபோகஸையும் நான்கு முறை திருப்பி, வெளிச்சம் வரும் ஜன்னலோரம் சிறிது நேரம் மூடியில்லாமல் வையுங்கள்.

செய்யாதீர்கள்: தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்குத் தீனியும் அதுவே. பூச்சி வராது என்று கற்பூரமோ அந்துருண்டையோ கூடப் போடாதீர்கள். அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதால் கேமரா கையேடுகளே அவற்றைத் தள்ளிவைக்கச் சொல்கின்றன. பூஜை அறை அலமாரியில் கேமரா வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆயுத பூஜை முடிந்ததும் பொட்டைத் துடைத்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்த தை, மாசியில் கூடுதல் கவனமாக இருங்கள். இரு பக்க மூடியையும் எடுத்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத நூலிழை சாய்த்தால் தெரியும். ஓரத்தில் சிறிதாக இருந்தால் திறந்து சுத்தம் செய்துகொள்ளலாம், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நடுக் கண்ணாடியில் படர்ந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூஞ்சை கண்ட லென்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சுத்தம் செய்து வரும்வரை அதற்குத் தனி டப்பா.